பழைய டிவி ரிப்பேரா? சரி பண்ணலாமா, தூக்கிப் போடலாமா? போடி முதல் போடிமெட்டு வரை தெரிஞ்சுக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் ஒன்றரை கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு ஒரு காலத்தில் அரசே கலர் டிவி கொடுத்தது. 2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக அளித்த வாக்குறுதி அது. ஆட்சிக்கு வந்ததும் தொடங்கிய திட்டம், 2011-ல் அதிமுக ஆட்சி வந்த பிறகு நிறுத்தப்பட்டது. ஆனால் கொடுத்த 14 இன்ச் பெட்டிகள் எங்கும் போகவில்லை. பல வீடுகளில் பரண் மேலேயும், மாட்டுக் கொட்டகையிலும், ஏலத்தோட்ட லயங்களின் மூலையிலும் இன்னும் இருக்கின்றன.

போடிநாயக்கனூரிலும், மேலே போடிமெட்டு வரையுள்ள மலைச்சரிவு ஊர்களிலும் இந்தப் பிரச்சனைக்குக் கூடுதலாக இரண்டு காரணங்கள். ஒன்று, இடி மின்னலும் பனி ஈரமும் டிவியைச் சீக்கிரம் பழுதாக்குகின்றன. இரண்டு, சரிவில் தூக்கி எறியும் எதுவும் கடைசியில் ஓடையில்தான் போய்ச் சேரும்.

பழுதான டிவியை ரிப்பேர் பண்ணலாமா, எப்போது விட்டுவிடலாம், விட்டுவிடுவதென்றால் யாரிடம் கொடுக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

• பிக்சர் டியூப் நல்லா இருந்தால் பழைய டிவியைச் சரி பண்ணலாம். டியூப் போய்விட்டால் விட்டுவிடலாம்.
• எல்இடி டிவியில் பேனல் உடைந்தால் ரிப்பேர் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. பேக்லைட், பவர் போர்டு பழுது என்றால் கட்டுப்படியாகும்.
• பழைய டிவியை வீட்டில் நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.
• டியூபை உடைத்து ஓடையில் கொட்டுவதும், வயரை எரித்துச் செம்பு எடுப்பதும் ஆபத்தானவை.
• மின்னணுக் கழிவைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பு நிறுவனங்களுக்கும் உள்ளாட்சிக்கும் உண்டு.

மலையில் டிவி ஏன் சீக்கிரம் பழுதாகிறது?

போடியிலிருந்து கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 அடி உயரம். அந்தப் பக்கம் கேரளாவின் இடுக்கி மாவட்டம். கீழே வெயில் அடிக்கும்போது மேலே பனிமூட்டம் இறங்கியிருக்கும்.

அந்த ஈரம்தான் பழைய டிவிக்கு முதல் எதிரி. பிக்சர் டியூப் டிவிக்குள் 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் உயர் மின்னழுத்தம் உருவாகும். உள்ளே படிந்த தூசியில் ஈரம் ஏறினால், அந்த மின்சாரம் போகக்கூடாத வழியில் கசியும். டிவியைப் போட்டதும் பின்பக்கம் 'சர்ர்...' என்று சத்தம் வருவது, நீல நிறத்தில் பொறி தெரிவது, ஒரு மாதிரி வாடை வருவது எல்லாம் இதனால்தான். இப்படி நடந்தால் உடனே ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மழைக்காலம் முழுக்க மூடிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் டிவியைப் போடாமல், நல்ல வெயில் நாளில் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு, ஈரம் போன பிறகு போடுவது நல்லது.

இரண்டாவது எதிரி மின்னல். கோடை மழை காலத்திலும் ஐப்பசி மழையிலும் மலையில் இடி அதிகம். வீட்டின் மேலேயே மின்னல் விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே கரண்ட் லைன் வழியாகவும், டிஷ் கேபிள் வழியாகவும் அதிக மின்னழுத்தம் உள்ளே வரும். டிவி ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. பவர் பிளக்கையும் டிஷ் கேபிளையும் இரண்டையும் கழற்றி வைக்க வேண்டும். அதையும் இடி இடிக்கத் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். இடி நேரத்தில் கேபிளைத் தொடுவது உங்களுக்கே ஆபத்து.

மூன்றாவது, ஏறி இறங்கும் வோல்டேஜ். கரண்ட் போய்த் திரும்ப வரும் அந்த நொடியில்தான் பவர் போர்டு அடிபடும். கரண்ட் போனதும் டிவி ஸ்விட்சை அணைத்துவிடுவது காசு செலவில்லாத பாதுகாப்பு.

பழைய டியூப் டிவி: எந்தப் பழுதைச் சரி பண்ணலாம்?

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் டிவி என்ன செய்கிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

டிவி ஆன் ஆகவே இல்லை: ஃபியூஸ், பவர் சப்ளை, லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் இவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கலாம். சின்னப் பாகங்கள்தான். சரி பண்ணலாம்.

திரையின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக்கோடு: படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐசி பகுதியில் பழுது. இதுவும் சின்னச் செலவுதான். ஆனால் கோடு தெரியும் நிலையில் டிவியை ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் திரை கருகிவிடும்.

ஓரங்களில் பச்சை, ஊதா திட்டு: பக்கத்தில் ஸ்பீக்கர் அல்லது காந்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தள்ளி வையுங்கள். சரியாகவில்லை என்றால் காந்தத்தை நீக்கும் காயில் பகுதியைப் பார்க்க வேண்டும்.

'டிக் டிக்' சத்தம் வந்து அணைந்து போகிறது: மெக்கானிக்குகள் 'எல்ஓடி' என்று சொல்லும் உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரில் கோளாறு இருக்கலாம். மாற்றலாம். ஆனால் உங்கள் மாடலுக்குப் பொருந்துகிற எல்ஓடி கிடைக்க வேண்டும்.

படம் வர ஐந்து, பத்து நிமிஷம் ஆகுது, வந்தாலும் மங்கலா இருக்கு: பிக்சர் டியூபே பலவீனமாகிவிட்டது. இதற்கு மேல் செலவழிப்பது வீண்.

போர்டு முழுக்கக் கருகிவிட்டால்? டியூப் நல்ல நிலையில் இருந்தால் 'சைனா போர்டு' என்று கடைகளில் சொல்லப்படும் பொதுவான போர்டை உள்ளே போட்டு ஓட்டும் வழக்கம் உண்டு. பழைய ரிமோட் வேலை செய்யாது, புது ரிமோட் வரும். போர்டு மாற்றும் முன் டியூபைச் சோதித்துப் பார்க்கச் சொல்வது முக்கியம். பலவீனமான டியூபுக்குப் புது போர்டு போட்டால் காசும் போகும், படமும் வராது.

எல்சிடி, எல்இடி டிவி என்றால்?

கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் வாங்கியது பெரும்பாலும் தட்டை டிவிதான். அதில் கணக்கு வேறு.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் இருட்டில் திரை மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட் மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். எல்இடி ஸ்ட்ரிப் மாற்றினால் போதும். திரும்பச் சீக்கிரம் போகாமல் இருக்க, செட்டிங்கில் பேக்லைட் அளவைக் குறைத்து வைக்கலாம்.

சிவப்பு லைட் மட்டும் எரிகிறது, ஆன் ஆகவில்லை என்றால் பவர் போர்டு அல்லது மெயின் போர்டு. பவர் போர்டில் கெப்பாசிட்டர்கள் மேல்பக்கம் உப்பிப் போவது ரொம்ப சாதாரணமான பழுது.

செங்குத்தாகக் கோடுகள், பாதித் திரை கறுப்பு, விழுந்ததில் விரிசல் - இவை பெரும்பாலும் பேனல் பழுது. டிவியின் விலையில் பெரும்பகுதி பேனலுக்குத்தான். மாற்றுவதற்குப் பதில் புது டிவியே வாங்கலாம் என்ற அளவுக்குச் செலவு வரும்.

எவ்வளவு வரை செலவழிக்கலாம்?

ரிப்பேர் செலவு அதே அளவு புது டிவி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் தாராளமாகச் சரி பண்ணலாம். பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். புது டிவி விலையைப் பார்க்கும்போது வரி மாற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 32 இன்ச் வரை ஏற்கெனவே 18 சதவீதம்தான்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு: டிவியைக் கீழே போடிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் ஜீப் வாடகை. 14 இன்ச் டியூப் டிவியே சுமார் 10 கிலோ இருக்கும். அதனால் பழுதை வீடியோ எடுத்து மெக்கானிக்கின் போனுக்கு முதலில் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். கூடவே டிவியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் அனுப்பினால், பாகம் கிடைக்குமா கிடைக்காதா என்று அங்கிருந்தே சொல்லிவிடுவார்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரணும், எழுதிய பில் வேணும், வேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்று அதில் குறிக்கணும்.

வாரண்டி உள்ள டிவிக்கு சர்வீஸ் சென்டர் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் தரலாம். தமிழிலும் பேசலாம். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கியது. நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்கள் அதில் தொகுக்கப்படுகின்றன.

டிவி ஓடுது, ஆனா சேனல் வரலை. இது பழுதா?

எப்போதும் பழுது இல்லை. ஆன்டெனா வழியாக வந்த தூர்தர்ஷன் தரைவழி அனலாக் ஒளிபரப்பு 2022 மார்ச்சுக்குள் நாடு முழுக்கப் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. வெறும் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு டிவி கெட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் உள்ள செட்டாப் பாக்ஸ் இருந்தால் பழைய டிவியிலும் படம் வரும். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷும் இதில் வேலை செய்யும்.

டிவியை ஒதுக்குவதாக இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. அரசு கேபிள் டிவி கொடுத்த செட்டாப் பாக்ஸ் உங்களுடையது அல்ல. இணைப்பு வேண்டாம் என்றால் அதை ஆபரேட்டரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். டிவியோடு சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடக் கூடாது.

பழைய இரும்புக் கடையில் போட்டால் என்ன?

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுத்தால் கொஞ்சம் காசு கிடைக்கும், இடமும் காலியாகும். பிரச்சனை அதற்குப் பிறகுதான்.

டிவியில் காசு பார்க்கக் கூடியவை செம்புக் காயில்கள், அலுமினியம், போர்டு, கொஞ்சம் பிளாஸ்டிக். எடையில் பெரும்பங்கு வகிக்கும் கண்ணாடி டியூபுக்கு விலை இல்லை. அதனால் வேண்டியதை எடுத்துக்கொண்டு டியூபை ரோட்டோரத்திலோ, ஓடைக்கரையிலோ உடைத்துக் கொட்டிவிடுவார்கள்.

அந்தக் கண்ணாடி சாதாரண ஜன்னல் கண்ணாடி அல்ல. டியூபுக்குள் உருவாகும் எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்க, பின்பக்கப் புனல் போன்ற கண்ணாடியில் ஈயம் சேர்ப்பார்கள். அந்தப் பகுதியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்ஸைடு. முழுசாக இருக்கும்வரை ஆபத்து இல்லை. உடைந்து மண்ணிலும் தண்ணீரிலும் கிடந்தால் ஈயம் மெல்ல மெல்லக் கசியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். திரையின் உள்பக்கம் பூசியிருக்கும் பாஸ்பர் தூளும் மூச்சில் போகக் கூடாத பொருள்.

எல்சிடி டிவிகளும் விதிவிலக்கல்ல. எல்இடி வருவதற்கு முந்தைய மாடல்களில் பேக்லைட்டாக இருந்த மெல்லிய டியூப் லைட்டுகளில் பாதரசம் இருக்கும்.

வயரை எரித்துச் செம்பு எடுப்பது இன்னும் மோசம். மேலே இருக்கும் பிவிசி எரியும்போது டயாக்சின் உள்ளிட்ட நச்சுப் புகை வரும். அதைச் சுவாசிப்பவர் அந்த வேலையைச் செய்யும் கூலித் தொழிலாளியும், பக்கத்து வீட்டுக் குழந்தைகளும்தான். போகியன்று பழைய சாமான்களைக் கொளுத்தும்போது வயர், ரிமோட், டிவி பிளாஸ்டிக் எதுவும் அதில் சேரக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

போடியில் இதன் பாதிப்பு போடியோடு நிற்காது. குரங்கணி மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வரும் கொட்டகுடி ஆறு வைகையின் துணையாறு. மலைச்சரிவு ஓடையில் கொட்டுவது போடி, தேனியைத் தாண்டி, மதுரைக்குக் குடிநீர் தரும் வைகை வரை போகக் கூடிய பாதையில் இருக்கிறது.

வீட்டிலேயே கழற்றக் கூடாதா?

கூடவே கூடாது. பிக்சர் டியூபுக்குள் காற்றே இல்லாத வெற்றிடம். கழுத்துப் பகுதியில் அடிபட்டால் உள்நோக்கி வெடித்துக் கண்ணாடிச் சில்லுகள் பறக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபிலும் பெரிய கெப்பாசிட்டரிலும் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். பழகிய மெக்கானிக் முதலில் அதை வெளியேற்றிவிட்டுத்தான் கை வைப்பார்.

தெரியாமல் உடைந்துவிட்டால் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். துடைப்பத்தால் வேகமாகக் கூட்டினால் தூசி பறக்கும். முகத்தில் துணி கட்டி, கையுறை போட்டு, பெரிய துண்டுகளை எடுத்துக் கெட்டியான அட்டைப்பெட்டியில் போட்டு, மீதியை ஈரத் துணியால் துடைத்து அதே பெட்டியில் மூடி வையுங்கள். வீட்டுக் குப்பையோடு கலக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்னணுக் கழிவுக்கான இப்போதைய விதிகள் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. டிவி அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதன்படி, டிவி தயாரித்து விற்கும் நிறுவனம்தான் கழிவு மறுசுழற்சிக்கும் பொறுப்பு. 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் என்று இலக்கும் வைக்கப்பட்டிருக்கிறது. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் மூலம் இதை நிறைவேற்ற வேண்டும்.

சரி, டிவி தயாரித்த கம்பெனியே இப்போது இல்லை என்றால்? சென்னையில் தயாரான சாலிடேர் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்; இன்று கடைகளில் இல்லை. வீடியோகான் 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. இப்படிக் கேட்பாரற்றுப் போன பொருள்களையும், குப்பையோடு கலந்து வரும் மின்னணுக் கழிவையும் தனியே சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகளில் ஒன்று. அதாவது, நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ கேட்பது சலுகை அல்ல.

இது உலகம் முழுக்க உள்ள சிக்கல்தான். 2022-ல் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை.

யாரிடம் கொடுக்கலாம்?

1. ஓடுகிற நிலையில் இருந்தால்: தேவைப்படுபவருக்குக் கொடுத்துவிடுவதுதான் சிறந்த மறுசுழற்சி.

2. பழுதாகியிருந்தால் முதலில் டிவி மெக்கானிக் கடை: நல்ல டியூப், எல்ஓடி, காயில், ஸ்பீக்கர் எல்லாம் இன்னொரு டிவியைக் காப்பாற்றும்.

3. புது டிவி வாங்கும்போது: பழையதை எடுத்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் உண்டா என்று கடையில் கேளுங்கள். பழுதான டிவியையும் எடுப்பார்களா, மலை வரை வந்து எடுப்பார்களா என்பதை பில் போடும் முன்பே பேசிவிடுங்கள்.

4. தயாரிப்பு நிறுவனம்: கஸ்டமர் கேருக்கு அழைத்து 'இ-வேஸ்ட் கொடுக்கணும்' என்று சொன்னால், சேகரிப்பு மையத்தின் விவரம் கேட்டு வாங்கலாம்.

5. உள்ளாட்சி: நகராட்சி சுகாதாரப் பிரிவிலோ, ஊராட்சி அலுவலகத்திலோ எழுதிக் கொடுங்கள்.

6. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள்: மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இ-வேஸ்ட் இணையதளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் உண்டு.

ஒரே ஒரு டிவிக்காக மலைக்கு வண்டி அனுப்ப எந்த நிறுவனமும் தயங்கும். இருபது, முப்பது பெட்டி என்றால் கணக்கு மாறும். அதனால் தெருவோ, எஸ்டேட்டோ சேர்ந்து ஓரிடத்தில் மழை படாமல் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுப்பதே மலை ஊர்களுக்கு நடைமுறையில் ஒத்துவரும் வழி. ஏலக்காய் மூட்டை இறக்கிவிட்டு வரும் வண்டிகளைப் போல, மேலிருந்து கீழே வரும் வண்டியில் ஏற்றிவிட்டால் தனி வாடகையும் மிச்சம்.

எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் தங்கியிருப்பவர்கள் என்றால், வீடு வீடாக வந்து கழிவு சேகரிக்கும் 'ஹரித கர்ம சேனா' பணியாளர்களிடம் கேட்கலாம். கேரளாவில் மின்னணுக் கழிவு இவர்கள் வழியாக, அரசின் கிளீன் கேரளா நிறுவனத்துக்குப் போகிறது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு கொடுத்த இலவச டிவியைக் கழிவாகக் கொடுத்தால் பிரச்சனை வருமா?
திட்டம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஓடாத பெட்டியை முறையாக மறுசுழற்சிக்குக் கொடுப்பதில் தயங்கத் தேவையில்லை.

ஸ்மார்ட் டிவியைக் கொடுக்கும் முன் என்ன செய்யணும்?
யூடியூப், ஓடிடி கணக்குகளிலிருந்து வெளியேறி, 'ஃபேக்டரி ரீசெட்' செய்துவிடுங்கள். டிவி ஆன் ஆகவில்லை என்றால் மொபைலிலிருந்தே அந்தந்தக் கணக்கில் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றும் வசதி இருக்கிறது. பென் டிரைவ் மாட்டியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பரண் மேல அப்படியே வச்சிருந்தா என்ன ஆகும்?
டியூப் உடையாதவரை விஷம் எதுவும் வெளியே வராது. ஆனால் எடை பின்பக்கத்தைவிட முன்பக்கத் திரையில்தான் அதிகம் என்பதால், உயரமான இடத்திலிருந்து முன்னால் சாய்ந்து விழும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தரையில், திரை சுவர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள்.

ரிமோட் பேட்டரியை என்ன செய்வது?
தனியாக எடுத்து வையுங்கள். டிவியோடு சேர்த்தோ, அடுப்பிலோ, போகித் தீயிலோ போடக் கூடாது. மின்னணுக் கழிவு கொடுக்கும் இடத்திலேயே பேட்டரியையும் எடுப்பார்களா என்று கேட்டுத் தனிக் கவரில் கொடுத்துவிடுங்கள்.